டான் ஏய்ரியை உயிரோடு இருக்கும்போதே கூப்பிடுங்கள்: ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் பரிந்துரைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அறக்கட்டளையின் பரிந்துரைக் குழு உறுப்பினர்களுக்கு,

ராக் இசைக் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்துக் கௌரவிக்கும் அமைப்பான நீங்கள், 2025-ல் நிக்கி ஹாப்கின்ஸுக்கு 'இசை மேன்மை' விருது கொடுத்தீர்கள். ரோலிங் ஸ்டோன்ஸ், தி ஹூ, தி கிங்க்ஸ் என்று அறுபது, எழுபதுகளின் பெரிய பிரிட்டிஷ் குழுக்களுக்கெல்லாம் பியானோ வாசித்தவர். அவருடைய தகுதி பற்றி எனக்கு ஒரு கேள்வியும் இல்லை. ஆனால் அவர் இறந்தது 1994 செப்டம்பரில். விருது போய்ச் சேர 31 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. 2021-ல் பில்லி பிரஸ்டனுக்கு அதே விருதைக் கொடுத்தபோது அவர் மறைந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பெயர் உங்கள் பரிந்துரைப் பட்டியலில் முதல் முறையாக வந்தது 2012 அக்டோபரில். அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆர்கன் கலைஞர் ஜான் லார்ட் மறைந்தது அதே ஆண்டு ஜூலை 16.

இந்த வரிசையில் அடுத்த பெயராக, லார்டுக்குப் பிறகு டீப் பர்ப்பிளில் கீபோர்டு வாசிக்கும் டான் ஏய்ரி வந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

தமிழில் எழுதுவதால் உங்களில் யாரும் இதை நேரடியாகப் படிக்கப்போவதில்லை என்று தெரியும். பரவாயில்லை, மொழிபெயர்ப்புச் செயலிகள் இருக்கின்றன. உங்கள் பாடல்களை நாங்கள் பாதி புரிந்தும் பாதி புரியாமலும்தான் ஒரு தலைமுறைக் காலம் கேட்டோம். ஒரு மடலுக்காக அந்தச் சிரமத்தை நீங்களும் படலாம். தவிர, ராக் இசையில் ஊறிய தமிழ் வாசகர்களும் இதைப் படிக்க வேண்டும். டான் ஏய்ரி யார் என்று கேட்டால் அவர்களிலேயே பலர் முழிப்பார்கள். பாட்டைப் போட்டுக் காட்டினால் முதல் இரண்டு நொடியிலேயே கூடச் சேர்ந்து முணுமுணுப்பார்கள்.

நான் திருச்சிக்காரன். மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்துப் பிழைப்பவன். எண்பதுகளின் கடைசியில் எங்கள் பக்கம் கேசட்டில் பாட்டுப் பதிந்துதரும் கடைகள் இருந்தன. பட்டியல் எழுதிக் கொடுத்தால் டிடிகே அறுபதிலோ தொண்ணூறிலோ பதிந்து, உள்ளே இருக்கும் அட்டையில் பாட்டின் பெயரைப் பேனாவால் எழுதித் தருவார்கள். குழுவின் பெயர் இருக்கும், பல சமயம் எழுத்துப் பிழையோடு. வாசித்தவர்கள் பெயர் இருக்காது. ஹெவி மெட்டல் பாடகர் ஆஸி ஆஸ்பர்னின் 'மிஸ்டர் க்ரௌலி' அப்படித்தான் என் கைக்கு வந்தது. பாட்டு தொடங்கும்போது கிட்டாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குக் கீபோர்டு மட்டும்தான். டி மைனரில், மாதா கோவில் ஆர்கன் மாதிரியும் இல்லாமல் சினிமாப் பின்னணி மாதிரியும் இல்லாமல், அடுக்கடுக்காக ஏறி வரும். அதைக் காதால் கேட்டு எடுக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. மேல் ஸ்வரம் பிடிபட்டால் உள்ளே நகரும் குரல்கள் பிடிபடாது. கடைசியில் ஒரு மாதிரியாக வாசித்து நண்பர்களிடம் காட்டினால், "எங்கே, அந்த கிட்டார் சோலோவை வாசி" என்பார்கள்.

அந்த ஒரு நிமிடத்தை வாசித்தவர் டான் ஏய்ரி என்று எனக்குத் தெரியப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் அவர் பெயர் தெரியாமலே அவருடைய வாசிப்பை வேறு நான்கைந்து குழுக்களில் கேட்டு முடித்திருந்தேன்.

அவருடைய வாழ்க்கையை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உங்களிடம் ஆவணக் காப்பகமே இருக்கிறது. ஆனாலும் ஒரே மூச்சில் யாராவது சொன்னால்தான் அதன் அளவு தெரியும் என்பதால் சொல்கிறேன்.

1948 ஜூனில் இங்கிலாந்தின் வடகிழக்கில் சண்டர்லேண்டில் பிறந்தவர். சிறு வயதிலிருந்து செவ்வியல் பியானோ. நாட்டிங்ஹம் பல்கலைக்கழகத்தில் பட்டம், மான்செஸ்டரில் ராயல் நார்தர்ன் இசைக் கல்லூரியில் மேற்படிப்பு. 1974-ல் டிரம்மர் கோஸி பாவலின் குழு, அடுத்த ஆண்டு கிட்டார் கலைஞர் கேரி மூரோடும் டிரம்மர் ஜான் ஹைஸ்மனோடும் கொலோசியம் 2 என்ற குழு. அந்தக் குழு வாசித்ததை எழுத்தில் இறக்கினால் காகிதம் கறுத்துவிடும், அவ்வளவு ஸ்வரங்கள். 1978-ல் ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் செவ்வியல் வயலின் மேதை பாகனினியின் மெட்டை எடுத்துச் செல்லோ வாசிக்கும் தன் தம்பிக்காக எழுதிய 'வேரியேஷன்ஸ்' ஆல்பத்தில் வாசித்தது இந்தக் குழுதான். பிரிட்டனில் அது இரண்டாம் இடம்வரை போனது. அதே ஆண்டில் ஹெவி மெட்டல் குழுவான பிளாக் சபாத்தின் 'நெவர் சே டை' ஆல்பத்திலும் ஏய்ரியின் கீபோர்டு இருக்கிறது. ஒரே ஆண்டில் பாகனினியும் பிளாக் சபாத்தும்!

அடுத்தது டீப் பர்ப்பிளின் பழைய கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோரின் ரெயின்போ குழு. 1979-ன் 'டவுன் டு எர்த்', 1981-ன் 'டிஃபிகல்ட் டு க்யூர்', 1980 ஆகஸ்டில் டானிங்டனில் நடந்த முதல் 'மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக்' விழாவின் பிரதான மேடை. பிறகு ஆஸியின் குழு. 1987-ல் வைட்ஸ்னேக் ஆல்பம், அதே ஆண்டு ஜெத்ரோ டல்லோடு சுற்றுப்பயணம். 1990-ல் ஜூடாஸ் பிரீஸ்டின் 'பெயின்கில்லர்'. அதே ஆண்டு கேரி மூரின் 'ஸ்டில் காட் தி ப்ளூஸ்'. இந்தக் கடைசி ஆல்பத்தின் உறையைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். கீபோர்டு வாசித்தவர்கள் பட்டியலில் டான் ஏய்ரியும் இருக்கிறார், நீங்கள் 2025-ல் கௌரவித்த நிக்கி ஹாப்கின்ஸும் இருக்கிறார்.

இன்னொன்று. ஹெவி மெட்டல் ரசிகர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். 1997-ல் டப்ளினில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் பிரிட்டன் ஜெயித்ததே, கத்ரீனா அண்ட் தி வேவ்ஸ் பாடிய 'லவ் ஷைன் எ லைட்', அன்றைக்கு ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் இவர்தான். மாந்திரீகக்காரர் ஒருவரைப் பற்றிய 'மிஸ்டர் க்ரௌலி'க்கு முகப்பு இசையும் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் போட்டிக்கு ஆர்கெஸ்ட்ராவும் ஒரே கையிலிருந்து வந்திருக்கின்றன.

2001-ல் ஜான் லார்டுக்கு முழங்காலில் அடிபட்டபோது டீப் பர்ப்பிள் அவசரத்துக்குக் கூப்பிட்டதும் இவரைத்தான். 2002-ல் லார்ட் ஓய்வு பெற, அந்த இடம் நிரந்தரமாக இவருக்கு வந்தது. அதன் பிறகு 2003-ன் 'பனானாஸ்' முதல் 2024 வரை ஏழு ஸ்டூடியோ ஆல்பங்கள். டீப் பர்ப்பிளின் வரலாற்றில் கிட்டார் கலைஞர்கள் பலர் வந்து போயிருக்கிறார்கள், பாடகர்களும் அப்படித்தான். நிரந்தரக் கீபோர்டு கலைஞர்கள் மொத்தமே இரண்டு பேர். லார்ட் இருந்தது இரண்டு கட்டமாகச் சேர்த்து ஏறக்குறைய 26 ஆண்டுகள். ஏய்ரி இருபதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார்.

லார்டின் இடத்தில் உட்காருவது என்றால் என்னவென்று, வாசிக்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹேமண்ட் சி3 ஆர்கன் பெஞ்சும் பெடல்களுமாகச் சேர்ந்தால் ஏறக்குறைய 190 கிலோ. உள்ளே 91 பற்சக்கரங்கள் சுழன்று ஒலியை உண்டாக்கும். வழக்கமாக அதை லெஸ்லி என்ற சுழலும் ஒலிபெருக்கியில் கொடுப்பார்கள். ஒலி அலையலையாக வரும். லார்ட் அதை கிட்டார்காரர்கள் வைத்திருக்கும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் செருகினார். ஒலி உறுமத் தொடங்கியது. 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டின் அந்த உலகப் பிரசித்தமான ரிஃபில், அதாவது திரும்பத் திரும்ப வரும் மெட்டுத் துண்டில், கிட்டாரோடு ஆர்கனும் சேர்ந்து உறுமுகிறது. கேட்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மொத்தத்தையும் கிட்டார் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். லார்டின் கண்டுபிடிப்பே அவரை மறைத்துவிட்டது.

எங்கள் மேடையிலும் இதே கதைதான். வயலின் கூட்டம், வீணை, புல்லாங்குழல், ஷெனாய் எல்லாம் ஒரே கீபோர்டிலிருந்து வரும். கேட்டவர்கள் வயலின் பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தொகுப்பாளர் பாடகர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வாழ்த்திவிட்டு, "மற்றும் இசைக் கலைஞர்கள்" என்று எங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார். மாலை வாங்கக் கூப்பிடும்போது நாங்கள் வயரைச் சுற்றிக்கொண்டிருப்போம். இதற்காக நான் யார் மீதும் வழக்குப் போடப்போவதில்லை. கல்யாண மண்டபத்தில் அப்படித்தான் நடக்கும். ஆனால் நீங்கள் கல்யாண மண்டபம் நடத்தவில்லை. யார் என்ன வாசித்தார்கள் என்று பதிவு செய்து வைப்பதையே வேலையாக எடுத்துக்கொண்ட அமைப்பு நீங்கள்.

லார்ட் விஷயத்தில் நடந்ததை முதலில் பார்ப்போம். உங்கள் விதிப்படி முதல் இசைத்தட்டு வெளிவந்து 25 ஆண்டு ஆனால் தகுதி வந்துவிடும். டீப் பர்ப்பிளின் முதல் தட்டு 1968. ஆக, 1993-லேயே கதவு திறந்திருக்கலாம். லார்ட் அப்போது உயிரோடு, குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். 1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ராவையும் ராக் குழுவையும் ஒரே மேடையில் உட்காரவைத்து, தான் எழுதிய கான்செர்ட்டோவை மால்கம் ஆர்னல்ட் நடத்த அரங்கேற்றியவர். அந்த இசைக்குறிப்பு பிறகு தொலைந்துபோக, டச்சு இசையமைப்பாளர் ஒருவர் ஒலிப்பதிவையும் காணொளியையும் கேட்டுக் கேட்டு மறுபடி எழுதி உதவ, 1999-ல் அதே அரங்கில் திரும்ப வாசித்தார்கள். 2007-ல் டர்ஹம் கதீட்ரலில் அவருடைய இன்னொரு பெரிய படைப்பு அரங்கேறியது. 2011-ல் அவர் பிறந்த லெஸ்டர் நகரின் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தனக்குப் புற்றுநோய் என்று அறிவித்தார். உங்கள் பரிந்துரைப் பட்டியலில் குழு முதன்முதலாக இடம்பெறுவதற்குள் அவர் போய்விட்டார். அதன் பிறகும் இரண்டு முறை தேர்வாகவில்லை. மூன்றாம் முறைதான், 2016 ஏப்ரலில், புரூக்ளினில் மாலை போட்டீர்கள்.

அந்த இரவைப் பற்றித்தான் முக்கியமாகப் பேச வேண்டியிருக்கிறது.

நீங்கள் சேர்த்துக்கொண்டது எட்டுப் பேரை: பிளாக்மோர், கவர்டேல், ராட் எவன்ஸ், கில்லன், குளோவர், கிளென் ஹியூஸ், லார்ட், இயன் பேய்ஸ். ஏய்ரியின் பெயர் இல்லை. கிட்டார் கலைஞர் ஸ்டீவ் மோர்ஸின் பெயரும் இல்லை. ஆனால் அன்று உங்கள் மேடையில் டீப் பர்ப்பிள் வாசித்ததே, அதில் கீபோர்டில் உட்கார்ந்திருந்தவர் டான் ஏய்ரி. கிட்டார் வாசித்தவர் மோர்ஸ். விருந்துக்குப் பரிமாறச் சொல்லிவிட்டு, பரிமாறி முடித்தவருக்கு இலை போடாமல் அனுப்பிய கதை இது. அப்போதைய உறுப்பினர்களை விட்டதில் தனக்கு உடன்பாடில்லை என்று பாடகர் இயன் கில்லன் வெளிப்படையாகவே பேசினார். நீங்கள் மாற்றவில்லை.

புகழ் வாங்கித் தந்த காலத்து ஆட்களை மட்டும்தான் எடுத்துக்கொள்வோம் என்று நீங்கள் சொல்லலாம். சரி, அது ஒரு நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தை நீங்களே எல்லாருக்கும் வைக்கவில்லை. 2009-ல் மெட்டாலிகாவைச் சேர்த்தபோது ராபர்ட் ட்ருஹியோவையும் சேர்த்தீர்கள். அவர் குழுவுக்கு வந்தது 2003-ல். அவர் வாசித்து அதுவரை வந்திருந்தது ஒரே ஒரு ஸ்டூடியோ ஆல்பம். 2012-ல் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸோடு ஜாஷ் க்ளிங்காஃபரைச் சேர்த்தீர்கள். அவர் கணக்கிலும் அப்போது ஒரு ஆல்பம்தான். 1994-ல் கிரேட்ஃபுல் டெட் குழுவில் பன்னிரண்டு பேரை எடுத்துக்கொண்டீர்கள். அதில் ஐந்து பேர் கீபோர்டு கலைஞர்கள்! வின்ஸ் வெல்னிக் சேர்ந்தது 1990-ல். அவர் வந்த பிறகு அந்தக் குழு ஒரு ஸ்டூடியோ ஆல்பம்கூட வெளியிடவில்லை. இவர்கள் யாருக்கும் கொடுத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, கொடுத்தது சரி. 2016-ல் ஏய்ரி 14 ஆண்டுகள் முடித்திருந்தார், மூன்று ஆல்பங்கள் வாசித்திருந்தார். அவருக்கு மட்டும் அளவுகோல் எங்கிருந்து மாறியது? இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அன்று இரவு டீப் பர்ப்பிளை அறிமுகப்படுத்திப் பேச நீங்கள் கூப்பிட்டவர் மெட்டாலிகாவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிக்.

டீப் பர்ப்பிளை விடுங்கள். உங்கள் கூடத்துக்குள் ஏற்கெனவே போய்விட்ட மற்றவர்களின் பட்டியலைப் பாருங்கள். பிளாக் சபாத், 2006. ஜூடாஸ் பிரீஸ்ட், 2022. ஆஸி தனியாக, 2024. இந்த மூன்றிலும் ஏய்ரியின் வாசிப்பு இருக்கிறது. டீப் பர்ப்பிளோடு சேர்த்தால் நான்கு. நான்கு முறை அவர் வாசித்த இசைக்காகக் கதவைத் திறந்திருக்கிறீர்கள், நான்கு முறையும் அவர் வெளியிலேயே நின்றிருக்கிறார்.

2021-ல் ராண்டி ரோட்ஸுக்கு இசை மேன்மை விருது கொடுத்தீர்கள். எனக்கு அதில் கண்ணீர் வருமளவு சந்தோஷம். நான் மேலே சொன்ன 'மிஸ்டர் க்ரௌலி'யின் கிட்டார் அவர்தான். 1982 மார்ச் 19 அன்று ஃபுளோரிடாவின் லீஸ்பர்கில், ஆஸியின் குழு வண்டி நின்றிருந்த இடத்தில், ஒரு சின்ன விமானத்தில் ஏறிப் போய், அது மோதி விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். ராண்டி அதில் ஒருவர், 25 வயது. அந்த விமானம் அதற்குச் சற்று முன்னால் ஒரு சுற்று போய்விட்டு வந்தது. அந்தச் சுற்றில் போய் இறங்கியவர் டான் ஏய்ரி. கீழே நின்று, நடந்ததைக் கண்ணால் பார்த்தவரும் அவர்தான். ஒரே பாட்டின் இரண்டு கைகள். ஒரு கைக்கு விருது கொடுத்தபோது இன்னொரு கை யாருடையது என்று உங்கள் அறையில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

இசைத்தட்டு உறைகள் எவ்வளவு அலட்சியமாக எழுதப்படும் என்பதற்கு ஆஸியின் அடுத்த ஆல்பமே சாட்சி. 1981-ன் 'டயரி ஆஃப் எ மேட்மேன்' உறையில் பாஸும் டிரம்ஸும் ருடி சார்சோ, டாமி ஆல்ட்ரிஜ் என்று போட்டிருக்கும். உண்மையில் வாசித்தவர்கள் பாப் டெய்ஸ்லியும் லீ கெர்ஸ்லேக்கும். கீபோர்டு என்ற இடத்தில் டான் ஏய்ரி பெயர் இருக்கும். வாசித்தது அவரில்லை, ஜானி குக் என்பவர். ஏய்ரிக்காக வாதாடும் நானே இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: அலட்சியம் அவருக்குச் செய்யாத வேலைக்கும் பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. ஆகவே உறையை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். ஒலிப்பதிவுகளைக் கேளுங்கள், கூட வாசித்தவர்களைக் கேளுங்கள். அவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச காலம் போனால் கேட்க ஆள் இருக்காது.

"கூலிக்கு வாசித்தவர்தானே" என்று ஒரு பேச்சும் உண்டு. இருக்கட்டும். 2000-ல் பக்கவாத்தியக் கலைஞர்களுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியவர்கள் நீங்கள். ஹால் பிளேய்ன், ஜேம்ஸ் ஜேமர்சன் போன்றவர்களுக்குக் கொடுத்து ஆரம்பித்தீர்கள். அடுத்த ஆண்டே சக் பெர்ரியின் பியானோ கலைஞர் ஜானி ஜான்சனுக்கு, அவர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்தீர்கள். 2011-ல் லியான் ரஸ்ஸலுக்கும் அப்படியே. அந்தப் பிரிவுக்குத்தான் பின்னால் இசை மேன்மை என்று பெயர் மாற்றினீர்கள். ஆக வழியும் இருக்கிறது, முன்மாதிரியும் இருக்கிறது. மனம் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

கச்சேரியில் ஏய்ரியின் தனி ஆவர்த்தனத்தைக் காணொளிகளில் பார்த்திருக்கிறேன். 'மிஸ்டர் க்ரௌலி' கொஞ்சம் எட்டிப் பார்க்கும், மேற்கத்திய செவ்வியல் கொஞ்சம், நடுவில் எந்த நாட்டில் வாசிக்கிறாரோ அந்த நாட்டு மெட்டு ஒன்று. கூட்டம் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டு கத்தும். ஒவ்வொரு ஊருக்கும் அந்த ஊர்ப் பாட்டைத் தேடிப் படித்து வருவதற்கு அவருக்கு யாரும் தனியாகச் சம்பளம் தரப்போவதில்லை. அதே கச்சேரியில் 'ஹைவே ஸ்டார்' வரும்போது லார்ட் 1972-ல் பதிவு செய்த ஆர்கன் சோலோவை ரசிகர்கள் மனப்பாடமாக எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். அப்படியே வாசித்தால் நகல் என்பார்கள், மாற்றினால் கெடுத்துவிட்டான் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடப்பது என்ன வேலை என்று, பழைய பாட்டை மேடையில் வாசித்துப் பேச்சு வாங்கிய எந்தக் கீபோர்டுகாரரும் சொல்வார். லார்டும் இவரும் 2002-ல் விடைபெறும் பயணத்தில் ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்டார்கள். 2013-ல் வந்த ஆல்பத்தை டீப் பர்ப்பிள் லார்டின் நினைவுக்குச் சமர்ப்பித்தது. அதில் கீபோர்டு வாசித்தவரும் ஏய்ரிதான்.

அவருக்கு எண்பது நெருங்குகிறது. கீத் எமர்சன் 2016 மார்ச்சில் மறைந்தார். அவருடைய குழு இன்றுவரை உங்கள் கூடத்தில் இல்லை. யூரியா ஹீப்பின் கென் ஹென்ஸ்லி 2020-ல் மறைந்தார்; அவருக்கும் இல்லை. ப்ரோகல் ஹாரம் குழுவின் கேரி ப்ரூக்கர் 2022-ல் போனார். குழுவுக்குப் பதிலாக அதன் ஒரு பாட்டைக் கௌரவித்தீர்கள், குழு வெளியேதான். ராக் இசையில் கீபோர்டு என்ற ஒன்றைக் கிட்டாருக்குச் சமமாக நிறுத்தியவர்கள் இவர்கள்தான். அடுத்த இரங்கல் குறிப்பை நீங்கள் எழுதுவதற்கு முன்னால் எங்கள் கோரிக்கைகளைக் கேளுங்கள்.

அடுத்த பரிந்துரைக் கூட்டத்தில் டான் ஏய்ரியின் பெயரை இசை மேன்மை விருதுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குப் புது விதி எதுவும் தேவையில்லை.

டீப் பர்ப்பிளின் பட்டியலில் ஏய்ரியையும் ஸ்டீவ் மோர்ஸையும் சேருங்கள். முடிந்துபோன பட்டியலைத் திறக்க முடியாது என்று சொல்லாதீர்கள். ஜேம்ஸ் பிரௌனின் ஃபேமஸ் ஃப்ளேம்ஸ், படி ஹாலியின் கிரிக்கெட்ஸ், ஸ்மோக்கி ராபின்சனின் மிராக்கிள்ஸ் உட்பட ஆறு குழுக்களை விட்டுவிட்டோம் என்று தனிக் குழு அமைத்து 2012-ல் திருத்தியவர்கள் நீங்கள்தான்.

ஒரு குழுவில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள் என்று எழுத்தில் வெளியிடுங்கள். ட்ருஹியோவுக்குப் பொருந்தியது ஏய்ரிக்கு ஏன் பொருந்தவில்லை என்பதற்கு அதில் விடை இருக்க வேண்டும்.

எழுபத்தைந்து வயதைத் தாண்டிய, தகுதி இருந்தும் காத்திருக்கும் கலைஞர்களைத் தனிப் பட்டியலாக எடுத்து ஒவ்வொரு ஆண்டும் முதலில் பரிசீலியுங்கள்.

கடைசியாக, உங்கள் இணையதளத்தில் டீப் பர்ப்பிள், ஆஸி, ஜூடாஸ் பிரீஸ்ட், பிளாக் சபாத் ஆகியோரின் பக்கங்களில், அந்த ஆல்பங்களில் கீபோர்டு வாசித்தவர் யார் என்று பெயர் போடுங்கள். இதற்கு வாக்கெடுப்பு வேண்டாம், விழா வேண்டாம். நாளைக் காலையிலேயே செய்யலாம்.

இப்படிக்கு,
மெல்லிசை மேடைக் கீபோர்டு கலைஞன் ஒருவன்
திருச்சி